நீள்பெயரும் குறும்பெயரும்: ஃபேட் கோப்பு முறைமைக் காப்புரிமைகளும் லினக்ஸும்

முன்னுரை

ஒரு கணினியில் எழுதப்பட்ட கோப்பை மற்றொரு கருவி படிக்க வேண்டுமாயின், இரண்டும் ஒரே சேமிப்பு முறையை அறிந்திருத்தல் வேண்டும். நினைவக அட்டை, பென் டிரைவ், ஒளிப்படக் கருவி ஆகியவற்றுக்கிடையே நெடுங்காலம் அப்பொதுமுறையாக விளங்கியது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃபேட் கோப்பு முறைமை ஆகும். அது சிறந்த முறைமை என்பதனால் அன்று. எல்லாக் கருவிகளும் அதனை அறிந்திருந்தன என்பதனாலேயே அதற்கு அந்நிலை வாய்த்தது. அம்முறைமையின் சிறு கூறு ஒன்றின்மீது பெறப்பட்ட காப்புரிமைகள், திறமூல மென்பொருளின் இணைந்தியங்கும் தன்மையை எவ்வாறு நெருக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு கோப்பு, இரு பெயர்கள்

டாஸ் காலத்து ஃபேட் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவுள்ள அடைவுப் பதிவு உண்டு. அதில் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை 11 பைட்டுகள்: பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3. விண்டோஸ் 95, 255 எழுத்துகள்வரை நீளும் பெயர்களை அனுமதித்தது. பழைய நிரல்கள் குழம்பாதிருக்க, நீள்பெயர் 13 எழுத்துகள் வீதம் கூடுதல் பதிவுகளில் துண்டுதுண்டாக வைக்கப்பட்டது. அப்பதிவுகளுக்குப் படிக்க மட்டும், மறைவு, அமைப்புக் கோப்பு, வட்டுப்பெயர் என்னும் நான்கு பண்புகளும் ஒருங்கே இடப்பட்டன. இயல்பில் ஒன்றுசேராத அச்சேர்க்கையைக் கண்ட பழைய நிரல்கள் அவற்றைக் கடந்து சென்றன. குறும்பெயர் பழைய நிரல்களுக்கு, நீள்பெயர் புதியவற்றுக்கு. இந்த ஏற்பாடே 5,579,517, 5,758,352 ஆகிய எண்களுடைய அமெரிக்கக் காப்புரிமைகளாக முறையே 1996, 1998 ஆம் ஆண்டுகளில் வழங்கப்பட்டது.

தமிழ்ப் பெயர்களுக்கு இவ்வேறுபாடு வெறும் வசதி சார்ந்ததன்று. குறும்பெயர்ப் பகுதி பழைய குறிமுறைப் பக்கங்களைச் சார்ந்தது. அங்கே தமிழுக்கு இடமில்லை. ஒருங்குறியில் அமைந்த தமிழ்க் கோப்புப் பெயர் நீள்பெயர்ப் பதிவில் மட்டுமே வாழ முடியும்.

உரிமத்தொகையும் வழக்கும்

2003 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃபேட் உரிமத் திட்டத்தை அறிவித்தது. கருவி ஒன்றுக்கு 25 சென்ட். ஓர் உற்பத்தியாளருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். வன்பொருள் நிறுவனத்திற்கு இது சிறுதொகையே. ஆனால் யாரும் படியெடுத்து யாருக்கும் வழங்கக்கூடிய மென்பொருளில் எண்ணுவதற்குப் படிகளே இல்லை. மேலும், லினக்ஸ் கர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, தன் 7 ஆம் பிரிவில், காப்புரிமைக் கட்டுப்பாட்டினால் பெறுநரின் உரிமைகளைக் குறைத்தே வழங்க இயலும் என்ற நிலை வந்தால் அறவே வழங்கலாகாது என்கிறது. ஆகவே தொகையின் சிறுமை சிக்கலைத் தீர்க்கவில்லை. படிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தின் வடிவமே திறமூல வழங்கலுக்கு முரணாக நின்றது.

2004 இல் பொதுக் காப்புரிமை அறக்கட்டளை 517 காப்புரிமையை மறு ஆய்வு செய்யக் கோரியது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முதலில் உரிமைக்கோரல்களை நிராகரித்தது. 2006 ஜனவரியில் செல்லும் என உறுதி செய்தது. 2009 பிப்ரவரியில், லினக்ஸில் இயங்கும் வழிகாட்டிக் கருவிகளைச் செய்த டச்சு நிறுவனமான டாம்டாம்மீது எட்டுக் காப்புரிமைகளை முன்வைத்து மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. டாம்டாமும் எதிர்வழக்கிட்டது. மார்ச் 30 அன்று உடன்பாடு ஏற்பட்டது: டாம்டாம் பணம் செலுத்தவும், ஃபேட் காப்புரிமை தொடர்பான செயற்பாடுகளை ஈராண்டுகளுக்குள் நீக்கவும் ஒப்புக்கொண்டது. காப்புரிமை செல்லுமா என்ற வினா அவ்வழக்கில் விசாரணையையே எட்டவில்லை. காப்புரிமை அச்சுறுத்தலின் வலிமை பெரும்பாலும் இத்தகைய தீர்ப்பின்மையிலேயே தங்கியுள்ளது எனலாம்.

ட்ரிட்ஜெல்லின் மாற்றுவழி

சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2009 இல் கர்னலுக்கு இரு திருத்தங்களை முன்வைத்தார். முதலாவது, நீள்பெயர்களை உருவாக்குவதையே நிறுத்தியது. அவ்வாறாயின் தமிழ்ப் பெயருடைய கோப்பை ஃபேட் வட்டில் உருவாக்கவே இயலாது. இரண்டாவது நுட்பமானது: காப்புரிமை இரு பெயர்களையும் ஒருசேரப் படைப்பதைப் பற்றியது என்பதால், ஒரு கோப்புக்கு ஒரே பெயர் எனத் திருத்தியது. நீள்பெயர் தேவைப்படும்போது குறும்பெயரின் 11 பைட்டுகளில், பெயராகச் செல்லாத மதிப்புகள் இடப்பட்டன. அவை இரு கோப்புகளில் ஒன்றாக அமைந்தால் விண்டோஸ் எக்ஸ்பி நிலைகுலையக்கூடும் என்பதால், அம்மதிப்புகள் தற்போக்காகத் தெரிவு செய்யப்பட்டன. சில இசைக் கருவிகளும் அவ்வட்டுகளைச் சரிவரப் படிக்கவில்லை. இத்திருத்தம் முதன்மைக் கர்னலில் சேரவில்லை. சட்டத்திற்கு இணங்குவதற்காகச் சரியாக இயங்கும் நிரலை வேண்டுமென்றே குறைபடுத்த நேர்ந்தது என்பதே இதில் கருதத்தக்கது.

1992 இல் லினஸ் டார்வால்ட்ஸ் நீள்பெயர்களைக் குறித்து எழுதிய குறிப்பொன்று, பிந்தைய வழக்குகளில் முன்னறிவுச் சான்றாக முன்வைக்கப்பட்டது. 2013 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் அங்குள்ள இணைக் காப்புரிமையைச் செல்லாது என்றது. அதற்குள் சிக்கல் இடம்பெயர்ந்திருந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகளுக்கு, 2009 இல் அறிவிக்கப்பட்ட தரநிலை எக்ஸ்ஃபேட் முறைமையை ஏற்றது. அதுவும் மைக்ரோசாஃப்ட்டின் காப்புரிமைக்கு உட்பட்டது. 2018 அக்டோபரில் அந்நிறுவனம் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்தது; 2019 ஆகஸ்டில் எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் அதன் சேர்ப்பை ஆதரித்தது. அவ்வாண்டின் 5.4 பதிப்பில் சோதனை நிலையில் இடம்பெற்ற எக்ஸ்ஃபேட் ஆதரவு, 2020 இன் 5.7 பதிப்பில் சாம்சங் அளித்த நிரலைக் கொண்டு முழுமை பெற்றது. தரநிலை அறிவிப்புக்கும் இதற்கும் இடையே பதினோர் ஆண்டுகள்.