பழைய கணினி திறக்கவில்லையா? ‘ஃபோர்மட்’ செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஒரே கதையைப் பல தடவை எழுதிக் கொடுத்திருக்கின்றன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு, 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு, அதன் பின் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு. அந்தக் கடிதங்களின் கடதாசிப் பிரதிகள் இடப்பெயர்விலும் வெள்ளத்திலும் போய்விட்டன. சில வீடுகளிலும் சங்கங்களிலும் மிஞ்சியிருப்பது, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் மட்டுமே.

மட்டக்களப்பில் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் இப்படியான கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி கணினி பழுதாக முன்னர், யாரோ ஒருவர் அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக்கி, புதிய மடிக்கணினியில் வேர்ச்சுவல் பொக்ஸ் மென்பொருளுக்குள் ஓட வைத்திருப்பார். கணினிக்குள் ஓடும் இந்தக் கணினியைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம். ஒருநாள் அமைப்புகளில் ஏதோ மாற்றியதும் அது திறக்காது. கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் மீடியம்’ என்றோ, ‘ஷெல்’ என்ற சொல்லோ நிற்கும்.

பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது.

ஏன் இப்படி?

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள் இரண்டு வகை. பழையது பயோஸ், அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் உள்ள சிறு நிரலைத் தேடும். புதியது யூஇஎஃப்ஐ, அது டிஸ்க்கில் தனியான ஒரு சிறு பகுதியில் இஎஃப்ஐ என்ற கோப்புறையைத் தேடும். ஒன்றுக்காக நிறுவிய விண்டோஸை மற்றது கண்டுபிடிக்காது. குருமண்வெளித் துறைக்கு வரும் படகை குருக்கள்மடத்துத் துறையில் நின்று பார்த்துவிட்டு, படகு தாண்டுவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

2021இல் வந்த விண்டோஸ் 11க்கு யூஇஎஃப்ஐ கட்டாயம். அதற்கான வழிமுறையைப் பார்த்து, பழைய மெய்நிகர் கணினியிலும் அதே பெட்டியில் சரி போடுவதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிரதி. வேர்ச்சுவல் பொக்ஸை மூடிவிட்டு, அந்த மெய்நிகர் கணினியின் கோப்புறை முழுவதையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். டிஸ்க் கோப்பு வேறு இடத்தில் இருந்தால் அதையும் சேருங்கள். பிரதி இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. செட்டிங்ஸ், சிஸ்டம், மதர்போர்ட் என்று போங்கள். இஎஃப்ஐ என்ற பெட்டி அங்கே இருக்கும். எக்ஸ்பி என்றால் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் அடையாளம் இருக்க வேண்டும். விண்டோஸ் 10, லினக்ஸ் இரண்டும் நிறுவிய விதத்தைப் பொறுத்தவை. இரண்டு விதமாகவும் முயன்று பாருங்கள்.

3. பெட்டி மங்கலாக இருந்து மாற்ற முடியாவிட்டால், கணினி முழுமையாக அணைக்கப்படவில்லை. ‘சேவ்ட்’ நிலையை நீக்கினால் மாற்றலாம். சேமிக்காமல் திறந்திருந்த வேலை மட்டும் போகும். டிஸ்க்கில் உள்ளவை இருக்கும்.

4. எக்ஸ்பி நீலத்திரையோடு நின்று, 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டினால், ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கை சாட்டாவில் இருந்து ஐடிஇக்கு மாற்றுங்கள். எக்ஸ்பியிடம் சாட்டாவுக்கான டிரைவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

5. யூஇஎஃப்ஐ கணினியே ‘ஷெல்’ திரையில் நின்றால், எக்ஸிட் என்று தட்டச்சு செய்யுங்கள். பூட் மெயின்டெனன்ஸ் மெனேஜர், பூட் ஃப்ரொம் ஃபைல் வழியாக இஎஃப்ஐ கோப்புறைக்குள் போய், அதிலுள்ள பூட் கோப்புறையில் இருக்கும் கோப்பைத் தெரிவுசெய்யுங்கள்.

ஹைப்பர்-வி பாவிப்பவர்கள் கவனிக்க: அங்கே ஜெனரேஷன் 1 பயோஸ், ஜெனரேஷன் 2 யூஇஎஃப்ஐ. உருவாக்கிய பின் மாற்ற முடியாது. சரியான ஜெனரேஷனில் புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, பழைய டிஸ்க்கின் பிரதியை அதில் இணையுங்கள்.

அப்போதும் திறக்காவிட்டால்

விண்டோஸ் ஓடாமலே கோப்புகளை எடுக்கலாம். செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருள் விடிஐ, விஎம்டிகே கோப்புகளைத் திறந்து காட்டும். ஸ்னாப்ஷொட் எடுத்திருந்தால் அடிப்படைக் கோப்பில் பழைய நிலை மட்டுமே இருக்கும். அப்போது கடைசி நிலையை, ஓடக்கூடிய இன்னொரு மெய்நிகர் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்துப் பாருங்கள். பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி தேவை.

கடைக்காரர் “ஃபோர்மட் பண்ணித் தாறன்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸ் சீடியைப் போட்டு மீண்டும் நிறுவவும் வேண்டாம். அழிவு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. சாட்சியங்களில் பெயர்களும் முகவரிகளும் இருக்கின்றன. முகம் தெரியாதவர் கையில் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள்.

திறந்த பிறகு

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. அதை இணையத்தோடு இணைக்காதீர்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஆகவே யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியையும், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்றையும் எடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். அதில் பதிவாகியிருக்கும் திகதி நாளை ஒரு விசாரணையில் கேட்கப்படலாம்.

மூன்று பிரதிகள் போதும். ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான உறவினரிடம், ஒன்று கடவுச்சொல் பூட்டோடு மாவட்டத்துக்கு வெளியே. வாவியில் வெள்ளம் ஏறினாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது.