ஒற்றைப்பலகைத் திசைவியில் வெப்ப உறிஞ்சியும் விரிவாக்க அட்டைகளும் பொருத்துதல்

ஒற்றைப்பலகைத் திசைவி என்பது செயலி, நினைவகம், பிணையத் துறைகள் ஆகியவை ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த சிறு கணினி ஆகும். ரவுட்டராகவும் தீயரணாகவும் இது பயன்படுகிறது. பலகை, பெட்டி, கம்பியில்லா அட்டை ஆகியவை பெரும்பாலும் தனித்தனியே வாங்கப்பட்டுப் பயனராலேயே ஒன்றிணைக்கப்படுகின்றன. சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனம் தயாரித்த ஏபியு2 என்னும் பலகை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இவ்வகைப் பலகைகளின் வரிசையை முடித்துக்கொள்வதாக அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. எனினும் இங்கு கூறப்படும் முறைகள் விசிறியில்லாப் பிற பலகைகளுக்கும் பெரிதும் பொருந்தும்.

பெட்டியே வெப்ப உறிஞ்சி

இந்நிறுவனத்தின் முந்தைய அலிக்ஸ் பலகைகளில் இருந்த ஜியோடு செயலி மிகக் குறைந்த மின்திறனில் இயங்கியதால் அதற்கு வெப்ப உறிஞ்சி தேவைப்படவில்லை. ஏபியு2 பலகையில் உள்ள ஏஎம்டி ஜிஎக்ஸ்-412டிசி நான்கு கருக்கள் கொண்டது. இதன் வெப்ப வடிவமைப்புத் திறன் 6 வாட்டு. மேசைக் கணினியோடு ஒப்பிட இது சிறிதே. ஆனால் இங்கு விசிறி கிடையாது. செயலி பலகையின் அடிப்பக்கத்தில் உள்ளது. அதற்கும் பெட்டியின் அடித்தளத்திற்கும் இடையே 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகடு வைக்கப்படுகிறது. வெப்பம் செயலியிலிருந்து மென்மையான வெப்பக்கடத்துப் பட்டைக்கும், அதிலிருந்து தகட்டிற்கும், பின் பெட்டிக்கும் சென்று வெளிக்காற்றில் கலக்கிறது. எனவே இயங்கும்போது பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது கோளாறன்று. வெப்பம் வெளியேறுகிறது என்பதன் அடையாளமே.

இவ்வழியில் காற்றிடைவெளி இருத்தலாகாது. காற்றின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.026 வாட்டு, அலுமினியக் கலவைகளுக்கு இது 200 அளவில் உள்ளது, பட்டைகளுக்குச் சில வாட்டுகள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாக 6 வாட்டு செல்வதாகக் கொள்வோம். 3 வாட்டு கடத்துதிறனும் அரை மி.மீ. தடிப்பும் கொண்ட பட்டையின் இருபுறத்திற்கும் இடையே 10 பாகை செல்சியசு வேறுபாடு தோன்றும். 0.1 மி.மீ. காற்றுப்படலமோ 230 பாகை வேறுபாட்டைக் கேட்கும். நடைமுறையில் வெப்பம் வேறு வழிகளைத் தேடும், செயலியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆயினும் ஒரு தாள் தடிப்புள்ள இடைவெளி என்ன செய்யும் என்பது இக்கணக்கில் விளங்கும்.

பொருத்தும் முறை

முதலில் ஒட்டும் பசையின்றித் தகட்டை வைத்து, செயலிக்கு நேராக அமைகிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின் நகர்த்துவது கடினம். பட்டையின் மீதும் பசைப்பக்கத்தின் மீதும் உள்ள பாதுகாப்புப் படலங்களை மறவாமல் உரித்தெடுக்க வேண்டும். ஒட்டப்படும் உலோகப் பரப்பில் தூசியோ எண்ணெயோ இருத்தல் கூடாது.

பலகையைப் பெட்டிக்குள் இறக்கும் முன் தொடர் துறையின் இருபுறமும் உள்ள அறுகோண மரைகளைக் கழற்ற வேண்டும். பலகை அமர்ந்தபின் அவற்றை வெளிப்புறத்திலிருந்து முடுக்கலாம். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குவது நன்று. ஒரு மூலையை மட்டும் முழுதும் இறுக்கினால் பலகை வளைந்து செயலியின் அடியிலுள்ள பற்றாசு இணைப்புகள் விரிசல் காணக்கூடும். பட்டைக்குப் பதிலாக வெப்பப் பசையைப் பூசுவோரும் உண்டு. பட்டைக்கென விடப்பட்ட இடைவெளியைப் பசை நிரப்பாது என்பதால், இடையே செப்புத் தகடு வைக்காமல் இதைச் செய்வது தகாது. தகடு பொருத்தாமல் பலகையை நெடுநேரம் இயக்கிச் சோதிப்பதும் கூடாது.

விரிவாக்க அட்டைகள்

அட்டைகளுக்கான பொருத்துவாய்கள் பலகையின் மேற்பக்கத்தில் உள்ளன. ஆகவே தகட்டு வேலை முடிந்த பின்னரே இவற்றைத் தொடுவது எளிது. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை 52 தொடுமுனைகள் கொண்டது. முழு அட்டை 30 மி.மீ. அகலமும் 50.95 மி.மீ. நீளமும் உடையது. அட்டையைச் சாய்வாகச் செருகி, முனைகள் முழுதும் உள்ளே சென்றபின் கீழே அழுத்தித் திருகாணியிட வேண்டும்.

எம்சாட்டா சேமிப்பட்டையும் இதே வடிவம் கொண்டது என்பதே பலரையும் குழப்புகிறது. தவறான பொருத்துவாயிலும் அட்டை அழகாக அமரும், ஆனால் இயங்காது. கம்பியில்லா அட்டைகள் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பையும், செல்பேசி இணைய மோடங்கள் பெரும்பாலும் யுஎஸ்பி இணைப்பையும் பயன்படுத்துகின்றன. சிம் அட்டையின் இணைப்பும் குறிப்பிட்ட பொருத்துவாய்க்கே செல்கிறது. எனவே அந்தந்தப் பலகையின் கையேட்டைப் பார்த்த பின்னரே இடம் தெரிவு செய்ய வேண்டும்.

வெப்பத்தைக் கடத்தும் அதே அலுமினியப் பெட்டி வானொலி அலைகளைத் தடுத்துவிடும். ஆதலால் ஆன்டெனாக்கள் பெட்டிக்கு வெளியே இருந்தாக வேண்டும். அட்டையிலுள்ள நுண்ணிய யு.எஃப்.எல் இணைப்பி சுமார் 30 முறை மட்டுமே மாட்டிக் கழற்றத் தக்கது. நேராக மேலிருந்து அழுத்தி மாட்ட வேண்டும். ஆன்டெனா இல்லாமல் அலைபரப்பினால் அட்டையின் பெருக்கி பழுதாகக்கூடும்.

இவ்வேலைகள் அனைத்தையும் மின்னிணைப்பைத் துண்டித்த பின், நிலைமின்சாரம் தாக்காதவாறு செய்ய வேண்டும். இப்பலகை 12 வோல்ட்டில், வேலைப்பளுவைப் பொறுத்து 6 முதல் 12 வாட்டு வரை எடுக்கிறது. அட்டைகள் கூடும்போது மின்வழங்கியின் திறனையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சரிபார்த்தல்

லினக்சில் கே10டெம்ப் என்னும் கருனிக்கூறு செயலியின் வெப்பநிலையைத் தருகிறது. ஓய்வு நிலையிலும், நான்கு கருக்களுக்கும் அரைமணி நேரம் வேலை கொடுத்த பின்னரும் இதனைக் குறித்துக்கொள்ளலாம். செயலி சூடேறியும் பெட்டியின் அடிப்பகுதி குளிர்ந்தே இருந்தால் தகடு சரியாகத் தொடவில்லை எனக் கொள்ளலாம். பிற்பகலில் மட்டும் பிணையம் மெதுவானால், இணையச் சேவை வழங்குநரைக் குறைகூறும் முன் இவ்வெண்ணைப் பார்ப்பது நல்லது.