தேசிகவிநாயகம் பிள்ளை, கவிமணி (1876–1954)

நாஞ்சில் நாட்டு வயலையும் தொழுவத்தையும் வீட்டு வழக்கையும் பாட்டில் ஏற்றிய தமிழ்க் கவிஞர், கல்வெட்டு ஆய்வாளர். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876 ஜூலை 27 அன்று பிறந்தார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியாகக் கற்றார். கோட்டாற்றுப் பள்ளியில் ஆசிரியராகத் தொடங்கி நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் 36 ஆண்டுகள் பணிபுரிந்து, 1931இல் ஓய்வுபெற்று, மனைவியின் ஊரான புத்தேரியில் குடியிருந்தார்.

‘பசுவும் கன்றும்’ பாட்டைச் சொல்லாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் குறைவு. அதில் உவமையோ அறிவுரையோ கிடையாது. தாய் நக்கிக்கொடுக்க, கன்று தலையால் மடியை இடித்துப் பால் குடிக்கிறது. மடியை இடிப்பது பால் இறங்க உதவும் என்பது தொழுவத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். தூரிகை பிடிக்காத ஓவியர் என்று அவரைச் சொல்வது, இந்தப் பாட்டுக்காக மட்டுமே கூடப் பொருந்தும்.

கிராமத்தை அழகாக மட்டும் பார்த்தவர் அல்லர். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்று மருமக்கள் வழி நிலவியது. சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். குடும்பத் தலைவரான காரணவர் இறந்தால் மனைவி மக்கள் ‘உகந்துடைமை’, ‘நங்குடைமை’ என்று கிடைக்கும் பங்குக்கு வழக்காட வேண்டும். காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே சொல்வதாக அமைந்தது ‘மருமக்கள்வழி மான்மியம்’. ‘தமிழன்’ இதழில் 1917–18இல் தொடராக வந்தது, 1942இல் நூலானது. சக்களத்திச் சண்டை, அடுக்களைப் பேச்சு, நீதிமன்ற அலைச்சல் எல்லாம் ஊர் வழக்கிலேயே வருகின்றன. சிரிக்க வைத்தபடியே நெஞ்சை அறுக்கும் இந்த நூலே அவருடைய மிகச் சிறந்த படைப்பு. அந்த முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு இது வலுச் சேர்த்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பிள்ளைகளுக்குச் சொத்து சேரும் மக்கள் தாயத்துக்கு வழி திறந்தது.

திருவனந்தபுரத்து வலியசாலையோடு அவர் பெயரை இணைப்பது ‘காந்தளூர்ச் சாலை’ என்ற ஆராய்ச்சி நூல். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளில் முதலாவதாகக் காந்தளூர்ச் சாலையைச் சொல்கிறது. அங்கே அவன் அறுத்த ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டருக்கு (மாணவருக்கு) நிறுவிய சாலை, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டது என்று செப்பேடு கூறுவதால், காந்தளூரும் பெரிய கல்விச்சாலையாக இருந்திருக்கும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்த இடத்தை வலியசாலை மகாதேவர் கோயிலோடு சேர்த்துப் பார்ப்போர் பலர். கோயிலும் காந்தளூர் என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

‘மலரும் மாலையும்’ 1938இல் வந்தது. 1940இல் சென்னையில் ‘கவிமணி’ பட்டம் கிடைத்தது. எட்வின் அர்னால்டைத் தழுவிய ‘ஆசிய ஜோதி’யில் புத்தர் நொண்டி ஆட்டுக்குட்டியைத் தூக்கிச் செல்லும் பாதை, படிப்பவருக்கு நாஞ்சில் நாட்டு மேய்ச்சல் தடமாகவே தோன்றும். உமர் கய்யாம் பாடல்களையும் தமிழாக்கினார்.

1954 செப்டம்பர் 26 அன்று காலமானார். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1இல்.