பட்டினி கிடக்கும் பாம்புக் குட்டிகள்

பாம்புக்குப் பால் வார்க்கும் வழக்கம் நம்மிடையே எவ்வளவு பழையதோ, பாம்பின் பசியைப் பற்றிய நமது அறியாமையும் அவ்வளவு பழையது. புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்பது வழிபாடு. அதில் குறை காண்பது என் நோக்கமன்று. கூடைக்குள் அடைபட்ட பாம்பின் கதை வேறு. இந்தியாவில் நாகபஞ்சமிக்கு முன்னர் பாம்பாட்டிகள் பாம்பைப் பல நாள்கள் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பர். தாகத்தால் தவிக்கும் பிராணி எந்தத் திரவத்தை வைத்தாலும் உறிஞ்சும், பாலையும் உறிஞ்சும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு வாய்க்கவில்லை. விழா முடிந்து சில நாள்களில் அது செத்துப்போகும்போது பார்ப்பதற்குக் கூட்டம் இருப்பதில்லை.

எங்கள் மலைநாட்டிலும் இந்தக் காட்சி உண்டு. தெலுங்கு பேசும் பாம்பாட்டிக் குடிகள் (சிங்களத்தில் அஹிகுண்டிக என்பர்) சம்பள நாள் பார்த்துத் தோட்டத்துக்கு வருவார்கள். லயத்து வாசலில் மகுடி ஊதும். நாகம் படமெடுக்கும். யாராவது ஒரு பாட்டி கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைப்பாள்.

அந்தப் பால் கிண்ணம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. கந்தப்பளையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவருடைய பேத்தி வளர்க்கும் மலைப்பாம்புக் குட்டி மூன்று வாரமாக எதையும் தொடவில்லையாம். "பால் வைத்துப் பார்க்கலாமா?" என்று தொலைபேசியில் கேட்டார். நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழைய நூல்களைப் புரட்டியபோதுதான், இந்தக் கேள்வியின் விடையில் ஒரு பகுதி எங்கள் மலையில் பிறந்த ஒருவரிடம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஐரோப்பியரும் அமெரிக்கரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

உலகின் முதல் ஊர்வன இல்லம் 1849இல் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகப் பாம்புகள் போய்ச் சேர்ந்தன. இலங்கையும் தன் பங்கைக் கொடுத்தது. இன்றைய தெஹிவளை விலங்குக்காட்சிச்சாலையே, ஜோன் ஹேகன்பெக் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதற்காக விலங்குகளைச் சேர்த்து வைத்திருந்த இடத்திலிருந்து வளர்ந்ததுதான். அவருடைய நிறுவனம் நொடித்தபின், 1936இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இப்படிப் போய்ச் சேர்ந்த பாம்புகளில் பல, குளிரிலும் கலவரத்திலும் உணவை மறுத்தன. அதைக் காப்பாளர்கள் பிடிவாதம் என்றே எண்ணினர். நியூயோர்க்கின் பிரொங்ஸ் விலங்குக்காட்சிச்சாலையில், ரேமண்ட் டிட்மார்ஸ் ஊர்வனப் பிரிவைக் கவனித்த காலத்தில், பட்டினி கிடந்த பெரிய மலைப்பாம்பைப் பல ஆள்கள் சேர்ந்து நீட்டிப் பிடித்துக்கொள்ள, கொன்ற முயல்களை ஒன்றோடொன்று கட்டி நீண்ட கழியால் தொண்டைக்குள் தள்ளினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் பாம்பு பாவமா, ஆள்கள் பாவமா என்று தெரியாது. 1927இல் இலண்டனில் ஜோன் பிரொக்டர் என்ற அம்மையார் புதிய ஊர்வன இல்லத்தை வடிவமைத்தார். மின்சாரத்தால் ஒவ்வொரு கூட்டுக்கும் அதற்குரிய வெப்பத்தைக் கொடுக்க அங்கே வழிசெய்தார். பாம்பு உண்ணவும் உண்டதைச் செரிக்கவும் உடல் சூடு வேண்டும். அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். குளிரில் விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

இனி எங்கள் ஊர்க்காரருக்கு வருவோம். ஃபிராங்க் வோல் 1868இல் நுவரெலியாவில் பிறந்தார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது அதற்கு முந்திய ஆண்டு. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் தென்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. தந்தை ஜோர்ஜ் வோல் கோப்பித் தோட்டங்களோடும் வணிகத்தோடும் தொடர்புடையவர். ஆளுநரின் செலவுக் கணக்கை எதிர்த்து 1865இல் இலங்கைக் கழகத்தை நடத்தியவர். ஓய்வு நேரத்தில் பன்னச் செடிகளைச் சேகரித்தவர். மகன் இலண்டனில் மருத்துவம் படித்து, 1893இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார். படையணிகளோடு இந்தியாவில் ஊர் ஊராகப் போன இடமெல்லாம் பாம்பு சேர்த்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1905 முதல் 1919 வரை இந்தியாவின் பொதுவான பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய தொடர், இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் தொடர். 1921இல் இலங்கைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் கொழும்பில் வெளியாயிற்று.

வோலின் பெருமை புதிய இனங்களுக்குப் பெயர் வைத்ததில் மட்டும் இல்லை. அவர் மருத்துவர், சவப் பரிசோதனை அவருக்குக் கைவந்த வேலை. கைக்குக் கிடைத்த பாம்பின் வயிற்றை அறுத்து, உள்ளே தவளை இருந்ததா, ஓணான் இருந்ததா, எலி இருந்ததா, மண்புழு இருந்ததா என்று எழுதி வைத்தார். எத்தனை முட்டை, குட்டியின் நீளம் என்ன, எந்த மாதம் என்றெல்லாம் குறித்தார். கேட்டதை எழுதும் வழக்கம் மலிந்திருந்த காலத்தில் அவர் கண்டதை எழுதினார். (நிருபர் வேலைக்கு வந்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.) பாம்பு என்ற ஒரே சொல்லுக்குள் நூறு வகைப் பசி இருக்கிறது என்பது அந்தக் குறிப்புகளைப் படித்தால் விளங்கும்.

கந்தப்பளையிலேயே இதற்குச் சான்று உண்டு. உருளைக்கிழங்குப் பாத்தியையும் லீக்ஸ் பாத்தியையும் கொத்தும்போது மண்ணிறத்தில் ஒரு முழத்துக்கும் குறைவான சிறு பாம்பு நெளிந்து வரும். சிங்களத்தில் மெடில்லா என்பது இதன் குடும்பப் பெயர். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. மலையில் அதிகம் தென்படும் இனத்தை அமெரிக்கரான கோப் 1860இல் விவரித்தார். நஞ்சால் மனிதருக்கு ஆபத்து இல்லாத பிராணி. மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்தடியிலும் வாழ்வது. எங்கள் காலத்துப் பிள்ளைகள் இதைப் பிடித்து ஜாம் போத்தலில் போட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டு, சோற்றுப் பருக்கையும் செத்த ஈயும் போடுவார்கள். பாம்பு தொடாது. "தின்னத் தெரியாத பாம்பு" என்பார்கள். அது தின்பது மண்புழு. போத்தலைச் சுற்றியிருந்த கொல்லை முழுவதும் அதன் உணவுதான். போத்தலுக்குள் மட்டும் இல்லை.

இதே வகையில் மண்புழு தின்று வாழும் கேடயவால் பாம்புகள் இலங்கை மலைகளிலும் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் உண்டு. பாளையங்கோட்டையில் பணியாற்றிய பேராசிரியர் எம். வி. ராஜேந்திரன் அவற்றை நெடுங்காலம் ஆராய்ந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985இல் அதை நூலாக்கியது. தமிழரிடையே இவ்வளவு குறைவாகப் பேசப்படும் தமிழறிஞர் வேறு யார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பாம்புக் குட்டி தன் இரையை எப்படி அறிகிறது? தாய் ஊட்டுவதில்லை, கற்பிப்பதுமில்லை. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் கோர்டன் பர்க்ஹார்ட் ஓர் எளிய சோதனை செய்தார். ஒருமுறைகூட உணவு கண்டிராத கார்ட்டர் பாம்புக் குட்டிகளின் முன் பஞ்சுக் குச்சிகளை நீட்டினார். ஒன்றில் மண்புழுவின் சாறு, ஒன்றில் மீனின் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். எந்த இனம் எதை உண்ணுமோ அந்தச் சாற்றுக்கே அதன் குட்டி வேகமாக நாக்கை நீட்டியது, பஞ்சையே கடித்தது. 1977இல் ஸ்டீவன் ஆர்னல்ட் இன்னும் ஒருபடி போனார். கலிபோர்னியாவின் கரையோரத்தில் ஓடில்லா நத்தைகள் ஏராளம். உள்நாட்டில் அவற்றைக் காணமுடியாது. இரு இடங்களிலும் வாழும் ஒரே இனத்துப் பாம்பின் குட்டிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் நத்தையைக் கொடுத்தார். கரையோரத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை தின்றன. உள்நாட்டுத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை மறுத்தன. பிறந்த மண்ணின் ருசி முட்டைக்கும் கருவுக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது! ராஜநாகம் பிற பாம்புகளைத் தின்பது. அதன் குட்டி எலியை உணவாகவே மதிக்காததால், விலங்குக்காட்சிச்சாலைக் காப்பாளர்கள் எலியின்மேல் பாம்பின் வாசனையைத் தடவி ஏமாற்றுவதும் இதனால்தான்.

தோழரின் பேத்தி வைத்திருப்பது, அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆபிரிக்க மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளிலும் (ஆம்) கறையான் புற்றுகளிலும் இருட்டிலே ஒடுங்கி வாழ்வது. தென் நைஜீரியாவில் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வில், இவற்றில் சிறியவை பெரும்பாலும் பறவைகளையும், பெரியவை பாலூட்டிகளையும் தின்பதாகக் கண்டார்கள். வெளிச்சமான கண்ணாடிப் பெட்டியில், ஒளிய இடமில்லாமல், உறைபனியிலிருந்து எடுத்த எலிக்குஞ்சைப் பார்த்து அந்தக் குட்டி முகம் திருப்புவதில் வியப்பென்ன? தோழரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பால் வேண்டாம். முட்டையிலிருந்து வந்த குட்டி வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சத்தோடு வரும். முதல் தோல் உரிக்கும்வரை பெரும்பாலும் தேடாது. அதற்குப் பின்னும் உண்ணாவிட்டால் முதலில் பெட்டியின் சூட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் 31, 32 பாகை இருக்கட்டும், மறுபக்கம் அதைவிடக் குறையட்டும். உடல் இடிக்கிற அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். குழந்தை அதைக் கையில் எடுப்பதைச் சில நாள்களுக்கு நிறுத்துங்கள். இரையை நன்றாகச் சூடாக்கி, மாலை இருட்டியபின் வையுங்கள். கோழிக்குஞ்சின் வாசனையைத் தடவிப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறியுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் ஊர்வன அறிந்த விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாயைப் பிளந்து திணிக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

கனடாவில் பண்ணையில் பிறந்த குட்டியை விலைக்கு வாங்கலாம். நம் ஊர்களில் கதை வேறு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க இடம் தருவதில்லை. இலங்கையில் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அனுமதியின்றி ஊர்வனவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கின்றன.

வோல் 1950இல் இங்கிலாந்தின் போர்ன்மத்தில் காலமானார். அவர் சேர்த்த பாம்புகள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. கந்தப்பளையில் மெடில்லா இன்றும் பாத்தியோரத்துச் சாணக் குவியலுக்குள் கிடக்கிறது. மண்வெட்டி புரட்டினால் ஒரு கணம் வெளியே வரும்; யாரும் அடிக்காவிட்டால் புழு இருக்கும் ஈரமண்ணைத் தேடித் திரும்ப நுழைந்துவிடும்.