அரசா, கம்பெனியா?

படப்பை டீக்கடையில் வேலை கிடைத்த பையனிடம் கேட்பார்கள்: ‘கவர்மெண்டா, கம்பெனியா?’ செயற்கை நுண்ணறிவு யார் கையில் இருக்கவேண்டும் என்ற நம் விவாதமும் இந்த எதிர்வைத் தாண்டுவதில்லை. இது பொய்யான எதிர்வு என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி.

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் நிலம், அரசின் வரிச்சலுகை. 2014இல் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை மட்டும் விடுபட்டது. நவம்பர் 1இல் மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள், வேலை இழந்தார்கள். கொடுத்தது நாம், மூடும் முடிவு பின்லாந்தில்.

2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ‘இந்தியா ஏஐ’ திட்டத்துக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. கணிப்புத்திறன் தனியார் தரவு மையங்களில். கட்டணத்தில் ஒரு பங்கு அரசுப் பணம். பயிற்சிக்கான மொழி நாம் பேசி எழுதியது. நோக்கியா ஏற்பாடேதான்.

‘அப்ப அரசே முழுசா எடுத்துக்கட்டும்’ என்கிறார்கள் தோழர்கள். 2021இல் தமிழகக் காவல்துறைக்கு வந்த முகமறி மென்பொருளைச் செய்தது அரசு நிறுவனமான சி-டாக்தான். போராட்டக் கூட்டத்தில் நிற்கிறவனுக்கு அது ‘பொதுத்துறை’ என்பதில் என்ன ஆறுதல்?

உடைமைப் பத்திரத்தில் எந்தப் பெயர் இருந்தாலும், கணக்குக் கேட்கவும் நிறுத்தச் சொல்லவும் மக்களுக்கு அதிகாரம் இல்லாதவரை அது நம்முடைய இயந்திரம் ஆகாது.