வானொலிப்பெட்டியும் வலிய சைகையும்

வானொலிப்பெட்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தொலைவிலிருந்து வரும் மெலிந்த ஒலியைப் பற்றியிழுத்த வெற்றியையே விரித்துரைத்தனர். ஆயின், பெட்டி அமைத்தோரை நீண்டகாலம் அலைக்கழித்தது மெலிந்த சைகையன்று. அண்டையிலுள்ள நிலையத்தின் வலிய சைகையே.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் இவ்விடர் முதிர்ந்தது. நிலையங்கள் தம் வலுவைப் பெருக்கின. அக்காலத்தில் விற்பனைக்கு வந்த திரைநெய்யரிக் குழாய்களோ பெட்டியின் பெருக்கத்தையும் உயர்த்தின. ஒலியைக் குறைக்கவேண்டின், நெய்யரிக்கு எதிரழுத்தங் கூட்டிக் குழாயை அடக்குதல் வழக்கம். அங்ஙனம் அடக்கப்பட்ட குழாயின் ஓட்டம், அற்றுப்போகும் எல்லையை அணுகுந்தோறும், அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறாது பிறழ்ந்தது. அந்நிலையில், கேட்க விரும்பிய நிலையத்தின் அலைமீது அயல்நிலையத்தின் பேச்சும் பாட்டும் ஏறி அமர்ந்துகொண்டன. குறுக்குப் பண்பேற்றம் எனப்படும் இக்குற்றம் முதற்குழாயில் ஒருமுறை நிகழ்ந்துவிடின், பின்வரும் இசைவுச் சுற்றுக்கள் எத்துணைக் கூர்மையுடையனவாயினும் அதனைக் களையமாட்டா. அண்மை, சேய்மை என இருநிலை கொண்ட ஆளியொன்றைப் பொருத்திச் சிலர் தப்ப முயன்றனர். ஹரல்ட் வீலர் கண்ட தன்னியக்க ஒலியளவுக் கட்டுப்பாடு 1929 இல் பில்கோ 95 என்னும் பெட்டியில் இடம்பெற்றது. அது கையின் வேலையைக் குறைத்ததேயன்றிக் குழாயின் இயல்பை மாற்றவில்லை.

அவ்வியல்பை மாற்றியோர் ஸ்டூவாட் பலன்ரைனும் ஸ்னோவும் ஆவர். 1930 இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை கூறிய உபாயம் வியப்பூட்டுமளவு எளிது. நெய்யரிக் கம்பியை ஓரிடத்தில் நெருக்கியும் பிறிதோரிடத்தில் அகலவிட்டும் சுற்றினர். எதிரழுத்தம் கூடும்போது நெருங்கிய பகுதி முதலில் அடைபடும்; அகன்ற பகுதியூடாக இலத்திரன்கள் தொடர்ந்து செல்லும். ஆதலின் பெருக்கம் திடீரென அற்றுப்போகாது, படிப்படியாகத் தாழும். சீராகச் சுற்றுதலே தொழிற்றிறன் எனக் கொள்ளப்பட்ட ஒரு பொருளை வேண்டுமென்றே சீர்குலைத்துச் சுற்றியமையே இங்குப் புதுமை! 1931 இல் அத்தகைய குழாய்கள் கடைக்கு வந்தன. பின்னர், 1.4 உவோற்றில் 50 மில்லியம்பியர் மட்டுமே கொள்ளும் இழையுடைய 1T4 என்னும் சிறுகுழாயும் இம்முறையிலேயே அமைந்தமையால், கையிற் கொண்டுசெல்லும் பெட்டிகளும் அப்பயனைப் பெற்றன.

1954 இல் ரீஜென்சி ரீஆர்-1 என்னும் பெட்டி, நான்கு திரான்சிற்றர்களோடும் 22.5 உவோற்று மின்கல அடுக்கொன்றோடும் வெளிவந்தபோது, தீர்ந்ததென எண்ணிய வழக்கு மீண்டும் எழுந்தது. திரான்சிற்றரில் இடைவெளி மாற்றிச் சுற்றுதற்கு நெய்யரி இல்லை. சில பத்து மில்லியுவோற்றுச் சைகையே அதன் ஓட்டத்தைப் பெரிதும் பிறழச்செய்யும். அன்றியும், பெருக்கத்தைக் குறைக்க அதன் ஓட்டத்தைக் குறைப்பதே வழக்காயிற்று. ஆகவே சைகை மிக வலிதாக வருகின்ற வேளையிலேயே தாங்கும் ஆற்றல் மிகச் சிறிதாயிருந்தது. பட்டினி கிடப்பவன் தலையிற் சுமையேற்றிய கதைதான். ஓட்டத்தை உயர்த்தின் குறை நீங்கும். மின்கலம் விரைவில் தீரும்.

1950களின் இறுதியில் பல பெட்டிகளில் இதற்கொரு மாற்றுக் காணப்பட்டது. கட்டுப்படுத்தப்படும் திரான்சிற்றரின் ஓட்டம் ஒரு தடையூடாகச் செல்லும். அத்தடைக்கும் அதற்கு முந்திய நிலைமாற்றியின் சுருளுக்கும் இடையே இருவாயி ஒன்று வைக்கப்பட்டது. மெலிந்த சைகை வரும்போது இருவாயி மூடியிருக்கும். வலிய சைகையால் ஓட்டம் தாழ்ந்ததும், தடையின் அழுத்தவீழ்ச்சி குறைந்து, இருவாயி திறந்து, சைகையின் ஒரு பங்கைத் திரான்சிற்றரை அடையுமுன்பே உறிஞ்சிவிடும். இதற்கென மின்கலத்திலிருந்து மேலதிக ஓட்டம் வேண்டியதில்லை.

எனினும், அதற்கும் முன்னே நின்ற கலக்கித் திரான்சிற்றரை இவ்விருவாயி காக்கவில்லை. பரப்பு நிலையத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்தோர்க்கு எளிய வழியொன்றே எஞ்சியது. பெட்டியைச் சற்றுத் திருப்பி, உள்ளிருக்கும் பெரைற்றுக் கோலின் முனை அந்நிலையத்தை நோக்குமாறு வைத்தால், அதன் சைகை வெகுவாகத் தணிந்துவிடும்.