காந்தப்புலம்

இரும்பை இழுக்கும் கல்லை வடமொழி 'அயஸ்காந்தம்' என்றது. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். அதன் பின்பாதியே தமிழில் காந்தம். புலம் என்றால் வயல், இடம், திசை. இயற்பியலர் மைக்கேல் ஃபாரடே 1845இல் கையாண்ட 'ஃபீல்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வயல் என்றே பொருள். கல்லே இல்லாத செம்புக் கம்பியைச் சுற்றிக் காந்தம் ஏது என்று கேட்கலாம். மின்னோட்டம் பாயும் கம்பியருகே திசைகாட்டி முள் விலகுவதை 1820இல் இயற்பியலர் ஓர்ஸ்டெட் கண்ட பிறகு, காந்தம் என்னும் சொல் கல்லோடு விளைவையும் குறிக்கலாயிற்று.

அப்படியானால் புலம் என்பது வெறும் இடம்தானா? கணக்கு அதை ஏற்காது. 10 ஆம்பியர் ஓடும் நீண்ட நேர்க்கம்பியின் நடுவிலிருந்து 2 செ.மீ. தொலைவில் புலம் 100 மைக்ரோடெஸ்லா; 4 செ.மீ. தொலைவில் 50. திண்ம உருளைக் கடத்தியில் மின்னோட்டம் சீராகப் பரவியிருந்தால் அச்சில் புலம் சுழி. மேற்பரப்பு வரை நேர்விகிதத்தில் ஏறி, வெளியே எதிர்விகிதத்தில் இறங்கும். ஆம்பியர் விதிப்படி, அச்சைச் சுற்றி வரையும் வட்டத்துக்குள் அடங்கும் மின்னோட்டமே கணக்கில் சேரும். அதனால்தான் மின்னோட்டம் சீராகப் பாயும் உள்ளீடற்ற குழாயின் பொள்ளலில் இடம் இருந்தும் புலமதிப்பு சுழி. ஆகவே, காந்தப்புலம் என்பது இடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அளவும் திசையும் தரும் காந்த விளைவு என்று கொள்வதே சரி.